ஒரு நிமிடத்தில் ஒரு ஒட்டு: பீட்டில்ஸை இரண்டாம் இடத்தில் நிறுத்திய இசைத்தட்டு

1936 மே 2 அன்று மெட்ராஸில் ஓர் ஆங்கிலேயக் குழந்தை பிறந்தது. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பையனுக்கு ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி என்று பெயர் வைத்தார்கள். அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் கப்பலேறி இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடியேறியது. பையன் வளர்ந்து மேடைப் பாடகன் ஆனான். வருடக்கணக்கில் பாடியும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் கார்டன் மில்ஸ் என்ற மேனேஜர், பேரை மாற்றினால் ராசியும் மாறும் என்று கணக்குப் போட்டு, எப்போதோ இறந்துபோன ஒரு ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளரின் பெயரை அப்படியே தூக்கி இவருக்குச் சூட்டினார். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். வாயில் நுழையாத பேர்தான், ஆனால் ராசி நிஜமாகவே மாறியது.

1967 மார்ச்சில் இந்த மெட்ராஸ்காரர் பாடிய ‘ரிலீஸ் மீ’ பிரிட்டனில் முதலிடம் பிடித்து ஆறு வாரம் நகராமல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டாம் இடத்தில் நின்றது பீட்டில்ஸின் புது சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டு. ஒரு பக்கம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, மறுபக்கம் ‘பென்னி லேன்’. 1963இல் தொடங்கி வரிசையாகப் பதினொரு சிங்கிள்களை முதலிடத்துக்குக் கொண்டுபோயிருந்த குழு அது. பன்னிரண்டாவது முறை சறுக்கியது, அதுவும் இன்றுவரை வந்த மிகச் சிறந்த சிங்கிள்களில் ஒன்று என்று பலர் சொல்லும் தட்டோடு.

இந்தக் கதையை வழக்கமாக ஒரு நகைச்சுவையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். ‘ஜனங்களுக்கு ரசனை இல்லை, அழுமூஞ்சிப் பாட்டை வாங்கினார்கள், காவியத்தைக் கோட்டை விட்டார்கள்’ என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தட்டு எப்படி உருவானதோ, அதே காரணத்தால்தான் இரண்டாவதாக வந்தது என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள முந்தைய வருடக் கோடையிலிருந்து தொடங்க வேண்டும்.

1966இல் பீட்டில்ஸ் மேடையை வெறுத்துவிட்டார்கள். டோக்கியோவில் கச்சேரி நடத்த எதிர்ப்பு, மணிலாவில் அதிபர் மாளிகை விருந்துக்குப் போகவில்லை என்பதற்காக விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு, அமெரிக்காவில் இயேசுவைப் பற்றி ஜான் லென்னன் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக இசைத்தட்டுகளை எரித்தல். இதெல்லாம் போக, மேடையில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. கூட்டத்தின் கூச்சல் அப்படி. அந்த ஆகஸ்டில்தான் அவர்களுடைய ‘ரிவால்வர்’ ஆல்பம் வந்திருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர்கள் வாசிக்கவில்லை. நாலு பேர் மேடையில் நின்று வாசித்துக் காட்டக்கூடிய எல்லையை ஒலிப்பதிவுக் கூடம் ஏற்கெனவே தாண்டிவிட்டிருந்தது. ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் காசு வாங்கிக்கொண்டு கடைசியாக ஒரு கச்சேரி செய்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு திசை.

ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்டார். லென்னன் ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ஒரு போர்ப் படத்தில் நடிக்க ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள அல்மெரியாவுக்குப் போனார். நடிகர் வேலை என்றால் பெரும்பாலும் காத்திருக்கும் வேலைதான். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே மணிக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும். கூட இருக்க மற்ற மூவரும் இல்லை, கத்துவதற்குக் கூட்டமும் இல்லை. கித்தாரை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஒரு பாட்டைக் கட்டினார்.

பாட்டில் வரும் இடம் நிஜமானது. லிவர்பூலின் வூல்டன் பகுதியில், லென்னன் தன் பெரியம்மா மிமியின் வீட்டில் வளர்ந்த மென்லவ் அவென்யூவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்’ என்று ஒரு பழைய மாளிகை. சால்வேஷன் ஆர்மி அதைக் குழந்தைகள் இல்லமாக நடத்திவந்தது. வருடா வருடம் கோடையில் அங்கே தோட்ட விழா நடக்கும், பேண்டு வாத்தியம் முழங்கும். சிறுவன் லென்னனுக்கு அது திருவிழா மாதிரி. அவருடைய அப்பா கப்பல்காரர், கிட்டத்தட்ட வீட்டில் இல்லாதவர். அம்மா ஜூலியா அவரை அக்காவிடம் விட்டுவிட்டார். பையனுக்குப் பதினேழு வயதாகும்போது அதே மென்லவ் அவென்யூவில் கார் மோதி அம்மா இறந்துபோனார். பெற்றோர் இல்லாத குழந்தைகளின் தோட்டத்தில் அந்தப் பையன் எதைப் பார்த்தான் என்று பாட்டு நேரடியாகச் சொல்லாது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும், தயங்கும், தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். ‘சரி, விடு’ என்று பாதியில் நிறுத்துகிற ஒருவர் பேசுவது மாதிரி இருக்கும். அதற்கு முன்பு பாப் பாட்டுகளில் யாரும் இப்படித் திக்கித் திணறி யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

நவம்பர் 24, 1966. லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவின் இரண்டாம் எண் கூடம். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக். எமெரிக்குக்கு இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை. இன்னொரு விஷயத்தையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1963 பிப்ரவரியில் இதே கூடத்தில் இதே நால்வர் ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்து முதல் ஆல்பத்தை முடித்துக்கொடுத்தார்கள். இப்போது ஒரே ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் ஓடப்போகிறது. கச்சேரி இல்லை, ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை, யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதல் நாள் எடுத்த டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவது) ரொம்ப எளிமையானது, அழகானதும்கூட. 1996இல் வெளியான ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் அதைக் கேட்கலாம். அதில் பல்லவி முதலில் வராது. நேரே சரணத்தில் தொடங்கும். நாலைந்து நாள் கழித்து அமைப்பை மாற்றினார்கள். மெல்லோட்ரானில் ஒரு சிறு முன்னிசை, உடனே பல்லவி. இந்த வடிவில் ஏழாவது டேக் எல்லோருக்கும் திருப்தி தந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

மெல்லோட்ரானைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தனி ஒலிநாடா. புல்லாங்குழல் ஒலியைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டையை அழுத்தினால், யாரோ ஒருவர் எப்போதோ வாசித்துப் பதிந்த அந்த ஒற்றைச் சுரத்தின் நாடா ஓடும். சுமார் எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பர்மிங்ஹாமில் செய்த அந்தக் கருவியை வீட்டு வரவேற்பறைகளுக்கு விற்கலாம் என்றுதான் தயாரித்தவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ முன்னிசையில் பால் மெக்கார்ட்னி வாசிப்பது இந்தப் புல்லாங்குழலைத்தான். மூச்சு இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. லேசாக நடுங்குகிறது, தொலைவிலிருந்து வருகிறது. குழந்தைப் பருவ ஞாபகத்தைப் பற்றிய பாட்டுக்கு, ஏற்கெனவே பதிந்துவைத்த ஒலியால் வேலை செய்யும் வாத்தியத்தை விடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்?

சில நாளில் லென்னன் மார்ட்டினிடம் வந்து, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் மனசில் இருந்தது இது இல்லை, இன்னும் கனமாக வேண்டும் என்றார். ஆகவே மறுபடி முதலிலிருந்து. டிசம்பர் 8ஆம் தேதி இரவு மார்ட்டினும் எமெரிக்கும் ஒரு படத்தின் முதல் காட்சிக்குப் போயிருந்தார்கள். பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் பீட்டில்ஸ் அங்கிருந்த ஒரு டெக்னீஷியனை வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்கிவிட்டார்கள். ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ், டிம்பனி, பாங்கோ, தலைகீழாக ஓடவிட்ட ஜால்ரா ஒலி என்று கையில் கிடைத்ததை எல்லாம் தட்டினார்கள். அந்த அமளி அப்படியே தட்டில் இருக்கிறது. டிசம்பர் 15 அன்று மார்ட்டின் எழுதிக்கொண்டுவந்த இசைக்கோவையை நான்கு டிரம்பெட்காரர்களும் மூன்று செல்லோக்காரர்களும் வாசித்தார்கள். ஹாரிசன் ஸ்வர்மண்டலை எடுத்துக்கொண்டார். இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்காரர்கள் மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக்கு நடுவே விரலால் வருடிவிடுவார்களே, அதுதான். பல்லவி வரும் முன் மேலிருந்து கீழே சொட்டிக்கொண்டு இறங்கும் ஓர் ஒலி வரும், பலர் அதை ஹார்ப் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் நான்கே டிராக் (தனித்தனி ஒலித்தடம்) உள்ள நாடாவில் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நாலும் நிரம்பிவிட்டால் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவில் ஒன்று அல்லது இரண்டு டிராக்காகச் சுருக்கி, மிச்சமிருக்கும் இடத்தில் புதிதாகப் பதிய வேண்டும். சுருக்கியதைப் பிறகு பிரிக்க முடியாது. டிரம்ஸ் கொஞ்சம் அதிகமாகிவிட்டதே என்று மறுநாள் தோன்றினால் ஒன்றும் செய்ய வழியில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பிடிவாதமாக ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இருபத்தாறாவது டேக் இப்படி அடுக்கடுக்காக உருவானது. வேகமாக, ஆவேசமாக, முதல் வடிவத்துக்கு நேர் எதிராக.

அப்புறம்தான் லென்னன் அந்தப் பிரபலமான கோரிக்கையை வைத்தார். முதல் வடிவத்தின் தொடக்கம் பிடித்திருக்கிறது, இரண்டாவதின் பிற்பகுதி பிடித்திருக்கிறது, இரண்டையும் ஒட்டிவிடலாமே என்றார். மார்ட்டின் சொல்லிப்பார்த்தார்: இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம், ஒட்டாது. லென்னனுக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது, ஸ்டுடியோ கருவிகளின் உள்விவகாரமும் தெரியாது. அதெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்கிற தோரணையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்கு இது ஒரு கணினியில் சில நொடி வேலை. சுருதியைத் தனியாக நகர்த்தலாம், வேகத்தைத் தனியாக மாற்றலாம். நாடாவில் இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. நாடாவை வேகமாக ஓட்டினால் பாட்டு வேகமாகும், கூடவே சுருதியும் ஏறும். மெதுவாக ஓட்டினால் இரண்டும் இறங்கும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும், சாதாரணமாக. இங்கே அதிர்ஷ்டம் கைகொடுத்தது. வேகமாக இருந்த இரண்டாவது வடிவம்தான் சுருதியிலும் உயர்வாக இருந்தது. அதை மெதுவாக்கினால் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கி முதல் வடிவத்தை நோக்கி வரும். முதல் வடிவத்தைக் கொஞ்சம் துரிதப்படுத்தினால் பாதி வழியில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். டிசம்பர் 22 அன்று மார்ட்டினும் எமெரிக்கும் இயந்திரத்தின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். நாடாவைச் செங்குத்தாக வெட்டாமல் நீளச் சரிவாக வெட்டியதாக எமெரிக் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஓர் ஒலி தேய இன்னொன்று எழ, மாற்றம் பட்டென்று தெரியாமல் இருக்கும்.

ஒட்டு எங்கே இருக்கிறது என்று காதால் பார்க்க விரும்பினால், பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆகும் இடத்துக்குப் போங்கள். இரண்டாவது முறையாகப் பல்லவி வந்துகொண்டிருக்கும். அதுவரை குரலும் மெல்லோட்ரானும் கித்தாரும் டிரம்ஸும் மட்டும். திடீரென்று காற்றின் எடை மாறுகிறது. செல்லோக்கள் கீழே உரசத் தொடங்குகின்றன, டிரம்பெட் குத்துகிறது, லென்னனின் குரல் தடித்துக் குழைகிறது, தூக்கத்தில் பேசுகிறவர் குரல் போல. வேகமாகப் பாடிய குரலை மெதுவாக்கி ஓட்டியதன் விளைவு அது. தெரியாமல் கேட்டால் ஏற்பாட்டின் அழகு என்றுதான் தோன்றும். ஒருமுறை தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் கேட்காமல் இருக்க முடியாது. இன்னொரு பக்கவிளைவும் உண்டு. முடிவான தட்டின் சுருதி பியானோவின் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. தட்டோடு சேர்ந்து கித்தார் வாசித்துப் பழக நினைப்பவர்கள் முதலில் கித்தாரின் சுருதியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியில் பாட்டு தேய்ந்து மறைந்து, முடிந்தது என்று ஊசியை எடுக்கப் போகும்போது மறுபடி கிளம்பிவந்து பயமுறுத்தும். அந்தக் களேபரத்தில் லென்னன் ‘கிரான்பெரி சாஸ்’ என்று ஏதோ முணுமுணுப்பார். 1969இல் அமெரிக்காவில் பால் மெக்கார்ட்னி செத்துப்போய்விட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியபோது, இந்த இடத்தில் ‘நான் பாலைப் புதைத்தேன்’ என்று கேட்பதாகப் பலர் சத்தியம் செய்தார்கள். சாஸ் ஜெயித்தது, பால் நலமாக இருக்கிறார்.

‘பென்னி லேன்’ மெக்கார்ட்னியின் பதில். அதே லிவர்பூல், அதே தென்பகுதி, ஆனால் வெயில் அடிக்கும் ஊர். முடிதிருத்தும் கடை, வங்கிக்காரர், தீயணைப்பு வீரர், பேருந்துகள் திரும்பும் முக்கு. லென்னனின் பாட்டு ஓர் இடத்தின் பேரைச் சொல்லிவிட்டுத் தன் மனசுக்குள் போய்விடும். இந்தப் பாட்டு தெருவிலேயே நின்று போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதிவும் அப்படியே. பியானோ மேல் பியானோவாக அடுக்கிச் சுத்தமாகத் துடைத்து வைத்தது. ஏதோ ஒன்று குறைகிறது என்று மெக்கார்ட்னிக்குத் தோன்றியபோது தொலைக்காட்சியில் இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்சர்டோவைப் பார்த்தார். அதில் டேவிட் மேசன் என்பவர் வாசித்த உச்ச ஸ்தாயி டிரம்பெட் அவரைக் கவர்ந்தது. 1967 ஜனவரி 17 அன்று மேசன் ஸ்டுடியோவுக்கு வந்தார். மெக்கார்ட்னி வாயால் பாடிக்காட்ட, மார்ட்டின் சுரம் எழுத, மேசன் வாசித்தார். சம்பளம் 27 பவுண்டு 10 ஷில்லிங். அந்தச் சில விநாடி வாசிப்புக்காகத்தான் அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஆர்கெஸ்ட்ராவில் உழைத்த ஒரு கலைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

இரண்டு பாட்டுகளும் புது ஆல்பத்துக்காக எடுத்தவை. சிங்கிளாக வந்தது வியாபார அவசரத்தில். ஆகஸ்டுக்குப் பிறகு பீட்டில்ஸிடமிருந்து புதுப் பாட்டு எதுவும் வரவில்லை. மேடையிலும் ஆளைக் காணோம். குழு கலைந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்துவிட்டன. மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் கவலைப்பட்டார், உடனே ஒரு பலமான சிங்கிள் வேண்டும் என்று மார்ட்டினைக் கேட்டார். கையில் இருந்தவற்றில் மிகச் சிறந்த இரண்டை மார்ட்டின் எடுத்துக்கொடுத்தார். எது முதல் பக்கம், எது துணைப் பக்கம் என்ற பேச்சே வேண்டாம், இரண்டும் சமம் என்று முடிவானது. 1967 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவிலும் 17 அன்று பிரிட்டனிலும் தட்டு வெளிவந்தது. பிரிட்டனில் படம் போட்ட உறையில் வந்த முதல் பீட்டில்ஸ் சிங்கிள் இதுதான். பின்னட்டையில் நால்வரின் குழந்தைப் பருவப் படங்கள்.

பாட்டுகளை மேடையில் வாசிக்க முடியாது, வாசிக்கவும் மாட்டார்கள். எனவே தொலைக்காட்சிக்கு அனுப்ப இரண்டு குறும்படங்கள் எடுத்தார்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ படம் கென்ட் மாவட்டத்தின் நோல் பார்க்கில் ஒரு பட்ட மரத்தடியில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் சுவீடன்காரர் பீட்டர் கோல்ட்மன். யாரும் வாய் அசைத்துப் பாடுவதில்லை. பியானோவிலிருந்து மரத்துக்குக் கம்பிகள் போகின்றன, காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன, இரவும் பகலும் மாறி மாறி வருகிறது. ஆனால் அன்று பார்த்தவர்களைத் தாக்கியது இதெதுவும் இல்லை, மீசை. நாலு பேரும் மீசை வளர்த்திருந்தார்கள். அமெரிக்காவில் டிக் கிளார்க் தன் ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ நிகழ்ச்சியில் படத்தைப் போட்டுவிட்டு அங்கிருந்த இளைஞர்களிடம் கருத்துக் கேட்டபோது, பலர் பாட்டை விட்டுவிட்டு மீசையைப் பற்றியே பேசினார்கள். யாருடைய தாத்தாவோ மாதிரி இருக்கிறார்கள் என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். மூன்று வருடம் முன்பு அவளும் அவளுடைய தோழிகளும் வீறிட்டுக் கத்தியது இதே முகங்களுக்காகத்தான்.

அந்த அலுப்பைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. அதுவரை பீட்டில்ஸ் தட்டு வாங்குவது என்றால் அந்த நாலு பையன்களில் ஒரு பங்கை வாங்குவது. தட்டுக்குப் பின்னால் மேடை, மேடைக்குப் பின்னால் சிரிப்பு, சீப்பு, கோட்டு. இந்தத் தட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. வாசித்துக்காட்ட ஆள் இல்லாத, வாசித்துக்காட்டவும் முடியாத பாட்டு. சேர்ந்து பாடலாம் என்றால் சுருதி இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கிறது. ஆடலாம் என்றால் தாளம் அடிக்கடி மாறுகிறது. பிரிட்டிஷ் விமர்சகர்களில் சிலர் கொண்டாடினார்கள், சிலர் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை என்றே வெளிப்படையாக எழுதினார்கள்.

இப்போது மறுபடி ஹம்பர்டிங்கிடம் வருவோம். லண்டன் பலேடியம் அரங்கிலிருந்து ஞாயிறு இரவு நேரலையாக வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி பிரிட்டனில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்த ஒன்று. அதில் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவர் இடத்தில் ஹம்பர்டிங்க் ‘ரிலீஸ் மீ’ பாடினார். மறுநாள் முதல் தட்டு பறந்தது. பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு அது. காதல் தீர்ந்துவிட்டது, என்னைப் போகவிடு என்று கெஞ்சும் மூன்று நிமிடம். அம்மாக்களும் பாட்டிகளும் வாங்கினார்கள்.

அந்த மாதங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஹம்பர்டிங்க் தனி ஆள் இல்லை என்பது தெரியும். 1966 கிறிஸ்துமஸுக்கு ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தவர் டாம் ஜோன்ஸ், அவருக்கும் அதே கார்டன் மில்ஸ்தான் மேனேஜர். ஹம்பர்டிங்குக்கு முன்னால் முதலிடத்தில் பெட்டுலா கிளார்க், அவருக்குப் பின்னால் சினாட்ரா அப்பாவும் மகளும். அந்த வசந்தத்தில் மேலே ஏறிய இன்னொரு பாட்டு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்திலிருந்து வின்ஸ் ஹில் எடுத்துப் பாடியது. அந்தப் படத்தின் இசைத்தட்டோ ஆல்பம் பட்டியலில் பல மாதங்களாக அசையாமல் இருந்தது. 1967 என்றால் நமக்குப் பூப்போட்ட சட்டையும் புகைமண்டலமும் நினைவுக்கு வருகின்றன. கடைக் கல்லாவின் கணக்கில் அந்த வருடம் பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்களுடையது. பிரிட்டனில் அந்த வருடம் மிக அதிகமாக விற்ற சிங்கிள் ‘ரிலீஸ் மீ’யேதான்.

தோல்விக்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சமம் என்று அறிவித்ததால் விற்பனைக் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது, சேர்த்து எண்ணியிருந்தால் முதலிடம்தான் என்று. எனக்கு இது முழுதாக ஒட்டவில்லை. எந்தப் பக்கத்துக்காக வாங்கினாலும் வாங்குவது ஒரே தட்டுதானே. பிரிட்டிஷ் பட்டியல்கள் இரண்டு பாட்டுகளின் பெயரையும் சேர்த்து ஒரே வரியில்தான் போட்டன. உண்மையில் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. அன்றைக்கு அங்கே அதிகாரபூர்வப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொரு இசைப் பத்திரிகையும் தனக்குத் தெரிந்த கடைகளில் விசாரித்துத் தன் பட்டியலைப் போட்டது. பி.பி.சி. அவற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரே பட்டியல் 1969இல்தான் வந்தது. பழைய வருடங்களுக்கு ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ என்ற வணிக இதழின் பட்டியலையே பிற்காலத்தில் அதிகாரபூர்வமானதாக எடுத்துக்கொண்டார்கள். ‘மெலடி மேக்கர்’ பட்டியலில் இதே பீட்டில்ஸ் தட்டு முதலிடத்தில் இருந்தது! 1963இல் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ விஷயத்திலும் இப்படித்தான். மற்ற பட்டியல்களில் முதலிடம், ரெக்கார்ட் ரீடெய்லரில் இரண்டாமிடம். ஒரு பட்டியலில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு என்று இருந்த காலம் அது என்று ஹாரிசனும் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. பில்போர்டு இதழின் பட்டியலில் ஒரு தட்டின் இரண்டு பக்கங்களும் தனித்தனியாக ஏறும், வானொலியில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் கணக்கில் சேரும். அங்கே ‘பென்னி லேன்’ மார்ச் 18 வாரத்தில் முதலிடம் பிடித்தது. ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ எட்டாம் இடத்தோடு நின்றது. ஒரே தட்டு, ஒரே விலை, ஆனால் எந்தப் பக்கத்தை மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. வெயில் அடித்த பக்கம்.

பீட்டில்ஸ் இரண்டாம் இடத்துக்காக அழுததாகத் தெரியவில்லை. முதலிடம் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்திலிருந்தே விடுபட்டது போல ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போனார்கள். உண்மையான விலையைக் கொடுத்தது அந்த ஆல்பம்தான். சிங்கிளாக வந்த பாட்டை மறுபடி ஆல்பத்தில் போட்டு ரசிகரிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்பது மார்ட்டினும் எப்ஸ்டைனும் பிரிட்டனில் கடைப்பிடித்த கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் அதனால் 1967 ஜூன் தொடக்கத்தில் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வெளிவந்தபோது, எந்த இரண்டு பாட்டுகளோடு அந்த ஆல்பத்தின் வேலை ஆரம்பித்ததோ அந்த இரண்டும் அதில் இல்லை. லிவர்பூல் பையன்கள் தங்கள் ஊரை நினைத்துப் பார்ப்பது என்ற இழையே அதோடு போய்விட்டது. தன் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அதுதான் என்று மார்ட்டின் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

லிவர்பூல் குழந்தைகள் இல்லம் 2005இல் மூடப்பட்டது. பழைய சிவப்பு இரும்புக் கேட்டைக் கழற்றிவிட்டு நகல் ஒன்றை மாட்டினார்கள். 2019 முதல் அந்த வளாகத்தை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கற்றல் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சியும் அங்கே நடக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், லென்னன் சுடப்பட்ட கட்டடத்துக்கு எதிரே உள்ள பகுதியை 1985இல் இந்தப் பாட்டின் பெயரோடு திறந்துவைத்தார்கள்.

லென்னனுக்கோ கடைசிவரை அந்தத் தட்டு திருப்தி இல்லை. அவர் இறப்பதற்கு முன்பு நியூயார்க்கில் மார்ட்டினைச் சந்தித்தபோது, பீட்டில்ஸ் பதிவு செய்த எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தால் நன்றாக இருக்கும் என்றாராம். மார்ட்டினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து வாரம், இருபத்தாறு டேக், சரிவாக வெட்டிய ஒரு நாடா எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸையுமா?’ என்று கேட்டார். முக்கியமாக அதைத்தான் என்றார் லென்னன்.